மூன்றாவது மைக்கில் நின்றவள்

ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தொழிலில் பாட்டு வேறொருவருடையது, கைதட்டலும் வேறொருவருடையது, பழி மட்டும் பெட்டிக்காரனுடையது.

திருகோணமலை லிங்கநகரில் எனக்கொரு சின்னக் கடை. மைக்குகள், மிக்ஸர், ஆளுயரப் பெட்டிகள் நாலு, அவற்றை ஏற்றி இறக்க ஒரு பழைய வான். கலியாணம், கோயில், பள்ளிக்கூடம், பிரியாவிடை என்று எதற்குப் பெட்டி எடுக்க வந்தாலும், வந்தவர் போகிற நேரத்தில் வாசலில் செருப்பைப் போட்டபடி ஒரு கேள்வி கேட்பார்: பாடுவதற்கு நல்ல ஆட்கள் யாரையும் தெரியுமா? அந்த இடத்தில்தான் என் கஷ்டம் தொடங்கும். நீங்களும் யாருக்காவது ஒரு ரியூசன் மாஸ்டரையோ, மேசனையோ, மாப்பிள்ளையையோ சொல்லி வைத்து, பிறகு அந்தத் தெருவால் போகாமல் சுற்றிப் போன ஆளாக இருந்தால் உங்களுக்கு மேலும் விளக்கத் தேவையில்லை. நாம் ஒரே கட்சி.

பேர் பெற்ற ஒரு குழுவைச் சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம். ஏதாவது பிழை நடந்தால் குழுவைத்தான் திட்டுவார்கள். எனக்கு அது ஏலாமல் இருப்பதற்குக் காரணம் என் ஹெட்போன். மிக்ஸரில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு வரிசைத் திருகிகள், ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சின்னப் பொத்தான். அதை அமத்தினால், மேடையில் பத்துப் பேர் பாடினாலும் அந்த ஒரு ஆளின் குரல் மட்டும் என் காதுக்கு வரும். சபைக்கு எல்லாம் கலந்துதான் கேட்கும். யார் சுருதியில் நிற்கிறார், யார் சும்மா வாயசைக்கிறார், யார் பாட்டுக்கு நடுவில் பக்கத்து ஆளிடம் சாப்பாடு எப்போது என்று கேட்கிறார் என்பதெல்லாம் எனக்கு மட்டும் தெரியும். வருடக்கணக்காக இந்தப் பொத்தானை அமத்தி அமத்தி, பேர் பெற்றவர்கள் மேல் இருந்த மரியாதை குறைந்து, பேரில்லாதவர்கள் மேல் கூடிவிட்டது. அவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனம் உறுத்துகிறது. சொன்னால் பயம் பிடித்துக்கொள்கிறது.

சோறு ஆறிய கலியாணம்

கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில் நிஸார் நானா என்று ஒருவர் இருக்கிறார். தையல் மெஷின் திருத்துவது தொழில். புல்புல் வாசிப்பார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், தட்டச்சு மெஷினில் இருப்பது போல் கட்டைகள், அவற்றுக்குக் கீழே தந்திகள், இடது கையால் கட்டையை அமத்தி வலது கையால் மீட்ட வேண்டும். ஒரு பாடசாலை விழாவில் ஹெட்போனில் அவர் வாசிப்பைக் கேட்ட நாளிலிருந்து, இவரை யாருக்காவது சொல்ல வேண்டும் என்று நாக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

டவுனில் ஒரு கலியாண வீட்டார் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மெல்லிய இசை வேண்டும் என்றார்கள். சொல்லிவிட்டேன். சொன்ன நிமிடத்திலிருந்து நிம்மதி போய்விட்டது. வராமல் விட்டால்? தந்தி அறுந்தால்? வரும் வழியில் பஸ் பழுதானால்? கலியாணத்துக்கு முதல்நாள் மட்டும் நானாவுக்கு ஐந்து முறை போன் எடுத்தேன். ஐந்தாவது முறை அவருடைய மனைவி எடுத்து, அவர் என் அழைப்புக்குப் பயந்து போனை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்.

வந்தார், கண்ணை மூடினார், வாசித்தார். கைகழுவப் போனவர்கள் குழாயைத் திறந்தபடி அப்படியே நின்றார்கள். சாப்பிட்டு முடித்தவர்கள் இலையை விட்டு எழும்பவில்லை. இரண்டாம் பந்திக்காரர்கள் கதிரைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றும் கோபப்படாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெண்ணின் தகப்பன் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மிக்ஸர் மேசைக்கு வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று எழும்பி நின்றேன்.

"தம்பி, அவர் நல்லாத்தான் வாசிக்கிறார். ஆனா ஒருத்தரும் எழும்புறாங்கள் இல்லை, ரெண்டாம் பந்திச் சோறு ஆறிப்போச்சு. கொஞ்சம் பிழையா வாசிக்கச் சொல்லுங்கோ."

இரைச்சலுக்கு நிற்கிற பிள்ளை

குணா அண்ணையின் இசைக்குழு என் கடைக்கு நிரந்தர வாடிக்கை. திருகோணமலையில் அவர் மேடை ஏறினால் பெட்டி என்னுடையதாகத்தான் இருக்கும். முன்னால் நின்று பாடுவது அவருடைய மச்சாள், அதாவது மனைவியின் தங்கை. தலை நிறையப் பூவும், கையில் மைக்கைப் பிடிக்கிற தோரணையும், ஒன்றுக்கும் குறைவில்லை.

ஒரு கோயில் திருவிழா, பகல் நிகழ்ச்சி. வழக்கம்போல ஒவ்வொரு பொத்தானாக அமத்திக் கேட்டுக்கொண்டு போனேன். முதலாவது மைக், மச்சாள். சுருதிக்கு ஒரு விரற்கடை கீழே நின்றார். இரண்டாவது மைக்கில் நின்றவர் பக்கத்து ஆளிடம் தலையிடிக்குப் பனடோல் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மைக்கை அமத்தினேன். பிறகு பாட்டு முடியும்வரை விரலை எடுக்க மறந்துபோனேன்.

மேடையில் இரண்டு அடி பின்னால், வெளிறிய சேலையோடு ஒரு பெண். மச்சாள் பாடும் அதே வரியை அவளும் மெல்லமாகப் பாடிக்கொண்டிருந்தாள். மச்சாள் எங்கெல்லாம் வழுக்கினாரோ அங்கெல்லாம் இவள் குரல் கீழே நின்று தாங்கியது. சபைக்கு அது மச்சாளின் குரலாகவே கேட்டிருக்கும். விசாரித்ததில் பேர் சுகந்தி, ஊர் சல்லி, வயது நாற்பதை நெருங்குகிறது, வீட்டில் கருவாடு போடுகிறவள் என்று தெரிந்தது. பத்து வருடமாக அதே மூன்றாவது மைக்.

இடைவேளையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த குணா அண்ணையிடம் மெல்லக் கதை விட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு பாட்டுத் தனியாகக் கொடுத்தால் என்ன என்று. அவர் கெட்ட மனிதர் இல்லை. நான் ஏதோ பகிடி விட்டதாக நினைத்து என் தோளில் தட்டினார்.

"அது கோரஸ் பிள்ளையடா தம்பி. இரைச்சலுக்கு நிக்கிறது. அதையும் முன்னால விட்டா இரைச்சலுக்கு ஆர் நிக்கிறது?"

குரல் இருக்கிறது, முகம் எங்கே

பிறகு நான் செய்தது கள்ள வேலைதான். அடுத்த நிகழ்ச்சியில் மூன்றாவது மைக்கின் குரலை மட்டும் என் போனில் பதிவு செய்தேன். குணா அண்ணைக்கும் சொல்லவில்லை, சுகந்திக்கும் சொல்லவில்லை. நம்பிக்கையான ஆட்கள் கேட்டால் போட்டுக் காட்டலாம் என்று எண்ணம். குணா அண்ணை அறிந்தால் அவளுக்கு மைக் இல்லாமல் போகும், எனக்கு வாடிக்கை இல்லாமல் போகும். ஆகவே கடைக்கு முன்னால் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தினால்கூட, அது குணா அண்ணையோ என்று போனைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்தேன்.

நிலாவெளியில் இருந்து ஒரு தாயும் மகனும் வந்தார்கள். மகனுக்குத்தான் கலியாணம். கடையின் உள்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுக் காட்டினேன். மகன் கண்ணை மூடிக் கேட்டார். தாய் இன்னொரு முறை போடச் சொன்னார். சரி, பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் கேள்விகள் தொடங்கின. குழுவின் பேர் என்ன? பேர் இல்லை. வீடியோ? இல்லை. பேஸ்புக் பக்கம்? இல்லை. ஒரு போட்டோவாவது? தேடி ஒன்றைக் காட்டினேன். மச்சாளின் தலைப்பூவுக்குப் பின்னால் சுகந்தியின் ஒரு காதும் அரைவாசிக் கன்னமும் தெரிந்தன. மாப்பிள்ளை அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகப் போனைத் திருப்பித் தந்தார்.

"குரல் நல்லா இருக்கு அண்ணை. ஆனா நாளைக்குக் கலியாண வீடியோவைப் போட்டுப் பாக்கேக்க குரல் ஆருக்குத் தெரியப்போகுது, முகமெல்லே தெரியும்."

ஒரு பொத்தான், நாலு வரி

இதைச் சொல்வதற்கு எனக்கு இன்னும் வாய் கூசுகிறது. கொழும்பில் இருந்து ஒருவர் பாவித்த மிக்ஸர் ஒன்றை வாங்கியிருந்தேன். கூடவே ஒரு விளக்கப் புத்தகமும் வந்தது. அதை வாசிக்காமல் மேசை லாச்சிக்குள் வைத்தேன். நீங்களும் வைத்திருப்பீர்கள். அந்த மிக்ஸரில் ஒரு சின்ன ஆளி இருந்திருக்கிறது. அது ஒரு பக்கம் நின்றால், பொத்தானை அமத்தும்போது அந்தக் குரல் என் காதுக்கு மட்டும் வரும். மற்றப் பக்கம் நின்றால், அந்தக் குரல் ஒன்றைத் தவிர மிச்ச எல்லாம் சபைக்கே அடைபட்டுப் போகும்.

அந்த மிக்ஸரைக் கொண்டுபோன முதல் நிகழ்ச்சி ஒரு பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் கூட்டம், பின்னேரம் மூன்று மணி. குணா அண்ணையின் குழு. மூன்றாவது பாட்டில் மனம் கேட்காமல் மூன்றாவது மைக்கை அமத்தினேன். என் காதுக்குள் சுகந்தி வந்தாள். வழக்கமாக வருகிறவள்தானே, எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் ஏதோ பிழைத்தது. முன்வரிசையில் விசிறிக்கொண்டிருந்த ரீச்சர் ஒருவரின் கை நின்றது. ஒக்டபாட் அடித்தவர் தன் குச்சிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீபோர்ட்காரர் மேசைக்குக் கீழே வயரைத் தேடினார். மச்சாள், பத்து வருடத்தில் முதல் தடவையாக, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தார். சுகந்தி மட்டும் நிலத்தைப் பார்த்தபடி பாடிக்கொண்டிருந்தாள். கோரஸ்காரருக்கு எது நடந்தாலும் நிறுத்தாமல் பாடு என்பதுதான் பழக்கம்.

நாலு வரி. மண்டபம் முழுக்க அவள் குரல் ஒன்றுதான். பிறகு எனக்கு விளங்கியது, பொத்தானை விடுவித்தேன், மற்ற வாத்தியங்கள் எல்லாம் தடதடவென்று உள்ளே வந்தன. பாட்டு முடியவே இல்லை, அதற்குள் சபை கைதட்டத் தொடங்கியது. தெரியாமல் செய்த பிழைதான், சத்தியம் பண்ணுவேன். ஆனால் விளங்கிய பிறகும் விரலை எடுக்க எனக்கு இரண்டு மூச்சுப் பிந்தியது. அந்த இரண்டு மூச்சைப் பற்றி இன்றைக்குத்தான் வெளியில் சொல்கிறேன்.

நிகழ்ச்சி முடிந்து வயர் சுருட்டும்போது குணா அண்ணை வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வேணுமெண்டு செய்தனியோ, தெரியாமச் செய்தனியோ எண்டு நான் கேக்கேல்ல. பெட்டிக்கு நான் வேற ஆளைப் பாக்கிறன். அந்தப் பிள்ளையும் இனி வரத் தேவையில்லை."

சல்லியில் ஒரு பிளாஸ்டிக் கதிரை

அடுத்த நாள் காலை சல்லிக்குப் போனேன். உப்புவெளி தாண்டும்வரை என்ன சொல்வது என்று வசனம் வசனமாகப் பாடமாக்கிக்கொண்டு போனேன். முத்துமாரியம்மன் கோயிலடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது ஒரு வசனமும் நினைவில் இல்லை.

சுகந்தி வலையை விரித்து மீனைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் வள்ளத்து எஞ்சினைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து நிழலில் போட்டார். அந்த மரியாதை எனக்கு முள்ளாகக் குத்தியது. எஞ்சினைப் பற்றிக் கதைத்தேன். காற்றைப் பற்றிக் கதைத்தேன். இந்த முறை கீரி மீன் எப்படி என்று கேட்டேன். எனக்குக் கீரியும் தெரியாது, சூடையும் தெரியாது. கடைசியில் அவளே சொன்னாள், குணா அண்ணை விடியவே போன் எடுத்துச் சொல்லிவிட்டாராம்.

என் பிழைதான் எல்லாம் என்று சொன்னேன். வேறு மேடை பார்த்துத் தருவதாக வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுக்கும்போதே, இந்த வாயை யார் திறக்கச் சொன்னது என்று எனக்கு நானே திட்டிக்கொண்டேன். அவள் ஒரு மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு, கோயில் பொங்கல் வரைக்கும் பார்ப்பதாகவும், அதற்குள் ஒன்றும் சரிவராவிட்டால் இனி எந்த மைக்குக்கும் கிட்டப் போவதில்லை என்றும் சொன்னாள். யாரையும் கேட்டுத் திரிய அவளால் ஏலாதாம். பொங்கலுக்கு ஏழு கிழமைதான் இருந்தது. என்னில் கோபமா என்று கேட்டேன்.

"கோவம் இல்லை அண்ணை. பத்து வருசமா மைக்குக்கு முன்னால நிண்டனான். என்ர குரல் சுவரில பட்டுத் திரும்பி வந்ததை அண்டைக்குத்தான் கேட்டனான்."

நன்றாகப் பாடாத ஆள் தேவை

அந்த ஏழு கிழமையில் நான் சாப்பிட்டது குறைவு, கதைத்தது கூட. பெட்டி எடுக்க வந்தவர்கள் எல்லோரிடமும் சுகந்தியின் பேரைச் சொன்னேன். வயர் வாங்க வந்தவரிடம் சொன்னேன். வழி கேட்டு வந்த ஒருவரிடமும் சொன்னேன். அவர் பஸ் ஸ்ராண்டுக்குப் போக வேண்டியவர், பாவம், நின்று முழுவதும் கேட்டார். மூன்று பேர் பிறகு சொல்வதாகச் சொன்னார்கள். பிறகு சொல்வதாகச் சொல்கிறவர்கள் சொல்வதில்லை என்று உங்களுக்கும் தெரியும்.

கடற்கரைப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் மனேஜர் மட்டும் கூப்பிட்டு இருத்திக் கதைத்தார். பின்னேரங்களில் விருந்தாளிகளுக்குப் பாட ஆள் தேடுகிறாராம். நான் கதிரையின் நுனிக்கு நகர்ந்தேன். போனில் இருந்த பதிவைப் போட்டேன். அவர் முழுவதும் கேட்டார், கையிலிருந்த பேனையைக்கூட ஆட்டவில்லை. முடிந்ததும் பெருமூச்சு விட்டார். நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

"தம்பி, சாப்பிடேக்க ஆக்கள் கதைக்கோணும், கதைச்சாத்தான் இன்னும் ரெண்டு சாப்பாடு சொல்லுவினம். இப்பிடிப் பாடினா எல்லாரும் கோப்பையை வைச்சிட்டுப் பாத்துக்கொண்டிருப்பினம். கொஞ்சம் சுமாரா ஆரும் இருந்தாச் சொல்லுங்கோ."

நம்பிக்கைக்கு ஒரு காரணம்

நாலு கிழமை போனபின் சர்மிளா ரீச்சர் என்று ஒருவர் வந்தார். தகப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், ஓய்வு பெறுகிறார். கோயில் பொங்கலுக்குச் சற்று முன்னால், துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள ஒரு மண்டபத்தில் பின்னேர நிகழ்ச்சி. அவருக்குப் பழைய பாட்டென்றால் உயிராம். அன்றைக்கு முகூர்த்த நாள், டவுனில் உள்ள குழுக்கள் எல்லாம் கலியாணங்களுக்குப் போகின்றன.

நான் என் பிரசங்கத்தைத் தொடங்கினேன். பாடுகிறவர் சுகந்தி, புல்புல் வாசிப்பது குறிஞ்சாக்கேணி நிஸார் நானா, இரண்டே பேர், ஆனால் கேட்டுப் பார்த்தால் விளங்கும் என்றேன். நானாவிடம் இதைப் பற்றி நான் இன்னும் ஒரு சொல்லும் கதைத்திருக்கவில்லை என்பதை மறைத்தேன். பேர், வீடியோ, போட்டோ என்று அவர் கேட்கப்போகிற ஒவ்வொன்றுக்கும் மறுமொழி தயாராக வைத்திருந்தேன். ரீச்சர் ஒன்றும் கேட்கவில்லை, கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"வேற ஒருத்தரும் கிடைக்கேல்ல அண்ணை. அதால உங்களை நம்புறன்."

பாட்டு உண்டு, ஆரம்பம் இல்லை

நிஸார் நானா சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை, போன் எடுக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகந்தியும் புருஷனும் கிண்ணியாப் பாலம் கடந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நானா வீட்டு முன் அறையில், கழற்றிப் போட்ட தையல் மெஷின்களுக்கு நடுவில் பாய் விரித்திருந்தது. நானாவின் மனைவி தேத்தண்ணி தந்துவிட்டுக் குசினி வாசலிலேயே நின்றார்.

நானா பாட்டின் முன் இசையை வாசித்து நிறுத்தினார். சுகந்தி பாடவில்லை. பதற்றம் என்று நினைத்தோம். இன்னொரு முறை வாசித்தார். வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. மூன்றாம் முறையும் அதே கதை.  நானாதான் கண்டுபிடித்தார். அவர் புல்புல்லில் இருந்து கையை எடுத்துவிட்டு வரியின் முதல் சொல்லைச் சும்மா முணுமுணுத்தார், உடனே சுகந்தி அரை மூச்சுப் பின்னால் பிடித்துக்கொண்டு, பாட்டை முடிவுவரை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோனாள். குசினி வாசலில் நின்றவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

விஷயம் இதுதான். கோரஸ்காரர் எந்த வரியையும் தொடங்குவதில்லை. முன்னால் நிற்பவர் தொடங்குவார், பின்னால் இவர்கள் சேருவார்கள். பத்து வருடத்தில் சுகந்தி ஆயிரம் பாட்டுப் பாடியிருப்பாள், ஒன்றையும் தொடங்கியதில்லை. அவளுக்கே அது அன்றைக்குத்தான் தெரிந்தது. முகம் கறுத்துப்போனது. நானாவால் தொடங்கி வைக்கவும் ஏலாது, வாசிக்கும்போது அவர் வாய் திறந்தால் விரல் பிழை விட்டுவிடும். மிச்சம் இருந்த மூன்று கிழமையும் சனி ஞாயிறில் பழகினோம். ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. கடைசி நாள் அவள் பஸ் ஏறிய பிறகு நானா என்னைப் பார்த்தார்.

"பாட்டு முழுக்க இருக்கு தம்பி, ஆரம்பம் மட்டும்தான் இல்ல. அத நீங்க எங்கிருந்தாவது கொண்டு வாங்க."

கிரேன்காரரின் பிரியாவிடை

பின்னேரம் நாலரை மணி. மண்டபத்து யன்னல்களால் துறைமுகத்துக் காற்று வந்துகொண்டிருந்தது. பேச்சுகள் முடிந்தன, மாலை போட்டார்கள், ரோல்ஸும் தேத்தண்ணியும் வந்தன. ரீச்சரின் தகப்பன் நடுவில் ஒரு பெரிய கதிரையில் இருந்தார். சுகந்தியின் புருஷன் உள்ளே வந்து இருக்க மாட்டேன் என்று பின் கதவடியில் நின்றார். இன்றைக்குப் பிழை நடந்தால் அவள் இனி மைக்கைத் தொட மாட்டாள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் யோசிக்கத் தெரியவில்லை.

நானா முன் இசை வாசித்தார். சுகந்தி மைக்கில் இருந்து இரண்டு அடி பின்னால் நின்றாள். தொடங்கவில்லை. நானா முகம் மாறாமல் அதையே வேறு விதமாகச் சுற்றி வாசித்தார். தொடங்கவில்லை. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். ரீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மேடையில் உள்ளவர்களோடு கதைப்பதற்கு என் மேசையிலும் ஒரு மைக் உண்டு. அதில் பேசுவது பாடுகிறவரின் காலடியில் இருக்கும் சின்னப் பெட்டிக்கு மட்டும்தான் போகும், சபைக்குப் போகாது. நான் பாடுகிறவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் தேவாரத்துக்கு நிற்கும்போதே வாயை மட்டும் அசைக்கச் சொன்ன ஆள். வேறு வழியில்லை. ஆளியை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, மைக்கை வாயோடு ஒட்டி, வரியின் முதல் இரண்டு சொல்லையும் பாடினேன். அதைப் பாட்டு என்று சொல்வது அநியாயம். ஆனால் சுகந்தியின் தலை நிமிர்ந்தது. அரை மூச்சுப் பின்னால் அவள் குரல் எழும்பி மண்டபத்தை நிறைத்தது. கிரேன்காரர் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோன ரோல்ஸைத் திருப்பிப் பீங்கானில் வைத்தார்.

இரண்டாம் பாட்டுக்கும் நான்தான் தொடங்கி வைத்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த துறைமுகத்து மனிதர் ஒருவருக்கு என் குரல் நேரடியாகக் கேட்டிருக்கிறது. அவர் என் முழங்கையைத் தொட்டு, அந்தப் பிள்ளை நல்லாப் பாடுது, நீங்கள் ஏன் கூடப் பாடிப் பழுதாக்கிறியள் என்று கேட்டார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

மூன்றாம் பாட்டு. நானா முன் இசையை முடிக்கப் போனார். நான் மூச்சை இழுத்தேன், மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். நான் வாய் திறக்குமுன் பாட்டுத் தொடங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். சுகந்தி மைக்குக்கு முன்னால் நின்றாள், அந்த இரண்டு அடி இடைவெளி இல்லை. பின் கதவடியில் நின்ற புருஷன் உள்ளே வந்து ஒரு கதிரையில் இருந்தார். திறந்த வாயை மூட எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அழுதேன் என்பதை மறைக்கவில்லை. மிக்ஸர் மேசையில் இருந்தால் எல்லோரும் மேடையைத்தான் பார்ப்பார்கள், வசதியாக அழலாம்.

எல்லாம் முடிந்து பெட்டிகளை வானில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள், நான் அவள் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மூண்டாம் பாட்டுக்கு நீங்கள் பிந்திப்போனியள் அண்ணை. நான் பாத்துக்கொண்டு நிக்கேல்ல."

இப்போது பொங்கல் போய் எத்தனையோ கிழமை ஆகிவிட்டது, சுகந்தியையும் நிஸார் நானாவையும் கேட்டு என் கடைக்கு ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள், வந்து இருவரின் போன் நம்பரையும் எழுதி வாங்கிக்கொண்டு, பெட்டியை மட்டும் குணா அண்ணை இப்போது எடுக்கிற மற்றக் கடையில் எடுக்கிறார்கள்.